புது ஸ்விஃப்ட்: மேனுவலா, ஏஎம்டியா?

கேள்வி: 2024-ல் வந்த புது ஸ்விஃப்ட் பிடித்திருக்கிறது. ஆனால் என்ஜினில் நான்கு சிலிண்டர் போய் மூன்றாகிவிட்டது, ஏஎம்டி (கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வகை) குலுக்கும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: மூன்று சிலிண்டர் விஷயத்தில் எனக்கும் வருத்தம்தான். பழைய 1.2 லிட்டர் என்ஜினை விரட்டினால் அவ்வளவு வழவழப்பாக ஓடும். புதியதில் சிக்னலில் நிற்கும்போது லேசான அதிர்வு ஸ்டீயரிங்கில் தெரியும்.

சரி, ஏஎம்டி. அது அதே 5 கியர் மேனுவல்தான், கிளட்சையும் கியரையும் உங்கள் காலுக்கும் கைக்கும் பதில் ஒரு கருவி இயக்குகிறது, கியர் மாறும் அந்த நொடியில் இழுவை அறுபடுவதால்தான் தலை முன்னால் ஆடுகிறது. கியர் மாறும் நேரத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சற்றே தளர்த்திப் பாருங்கள், குலுக்கல் நன்றாகக் குறையும். ஜப்பானில் இதே காருக்கு சிவிடி என்ற வேறு வகை ஆட்டோமேட்டிக் உண்டு, பெல்ட்டும் இரண்டு புல்லியும்தான், படிப்படியான கியர்களே இல்லை என்பதால் குலுங்கவும் வழியில்லை. அதை இந்தியாவில் தராதது பெரிய குறை. தினமும் நெரிசலில் ஓட்டுகிறீர்கள் என்றால் ஏஎம்டி எடுங்கள். ஓட்டுவதே சந்தோஷம் என்றால் யோசிக்காமல் மேனுவல்.