ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியவில்லை: நிலம் இல்லாதவருக்கு யார் ஜாமீன் நிற்பது?

கேள்வி: குலசேகரம் பக்கம் மலையோரத்தில் புறம்போக்கில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. முதலாளி ஏழு வாரக் கூலி தரவில்லை. கேட்கப் போனால், "நீ என் வேலைக்காரனா? மரக்கணக்குக் கான்டிராக்ட்தானே" என்று விரட்டிவிட்டார். பத்து நாள் கழித்து, 25 ரப்பர் ஷீட்டைத் திருடிவிட்டதாகப் புகார் கொடுத்தார். எஃப்.ஐ.ஆரில் அதன் மதிப்பு 4,200 ரூபாய். முன்பு அவர்மேல் எந்த வழக்கும் இல்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்து 19 நாள் ஆகிறது. வீட்டுத் தீர்வை ரசீது உள்ள இரண்டு பேர் தலா 10,000 ரூபாய்க்கு ஜாமீன் நிற்க வேண்டுமாம். சொந்தத்தில் யாருக்கும் பட்டா கிடையாது. இருப்பவர்கள் முதலாளிக்குப் பயந்து வரமாட்டேன் என்கிறார்கள். கோர்ட் வாசலில் ஒருவர் 6,000 ரூபாய்க்கு ஆள் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். இன்னொருவர், குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார். ஏழைக்கு ஒரு சட்டம், பணக்காரனுக்கு ஒரு சட்டமா ஐயா?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஆளை வெளியே கொண்டுவருகிற வழியைப் பார்ப்போம்.

நாளைக் காலையில் ஜாமீன் உத்தரவு நகலோடு நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். காவலில் இருக்கும் எவருக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்பது 1987 ஆம் ஆண்டுச் சட்டம். போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அங்கே நீங்கள் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளரே அந்த ஆணைக்குழுச் செயலாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. ஒரு மாதமாகியும் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே எடுத்துப் பார்க்கலாம் என்பதும் அதில் உண்டு. உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதால்தான் பலர் உள்ளேயே கிடக்கிறார்கள் என்பதையும் நீதிபதிகள் குறித்திருக்கிறார்கள்.

நீங்கள் அந்த ஒரு மாதம் வரை காத்திருக்க வேண்டாம். நிபந்தனையைத் தளர்த்தி, அவருடைய சொந்தப் பிணையிலேயே, அதாவது வேறு யாரும் ஜாமீன் நிற்காமல் அவரே எழுதிக் கொடுக்கும் உறுதியின் பேரில், விடச் சொல்லி அதே மாஜிஸ்திரேட்டிடம் மனு போடச் சொல்லுங்கள். அங்கே மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 484 ஆவது பிரிவில் நாகர்கோவில் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம். ஜாமீன் தொகை அளவுக்கு மீறி இருக்கக் கூடாது என்று சொல்வதும் இதே பிரிவுதான். ஜாமீன்தாரருக்குப் பதிலாகப் பணம் கட்ட கோர்ட் அனுமதித்தால், அதற்காக வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள். ஏழைக் கைதிகளுக்கென்று 2023 இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் பண உதவி கிடைக்க வழியிருக்கிறது. அதற்கும் ஆணைக்குழு வழியாகத்தான் போக வேண்டும்.

மனுவில் 1978 ஆம் ஆண்டு மோத்திராம் வழக்கைக் காட்டச் சொல்லுங்கள். வக்கீலுக்கே தெரிந்திருக்கும், இருந்தாலும் நினைவூட்டுங்கள். மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பிதான் நிற்க வந்தார், ஆனால் அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் கொதித்துப்போய், 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். அப்படியொரு தீர்ப்பு இருந்தும், இன்றைக்கும் கீழ்க்கோர்ட்டில் முதலில் கேட்பது தீர்வை ரசீதைத்தான். நிலம் இருப்பவன் ஓடமாட்டான், இல்லாதவன் ஓடிவிடுவான் என்பது அதற்குள் இருக்கும் நம்பிக்கை. என் அனுபவத்தில், பாஸ்போர்ட்டும் வெளியூரில் வீடும் வைத்திருப்பவர்தான் ஓடியிருக்கிறார். பால்வெட்டுகிறவர் எங்கே ஓடுவார்? விடியும் முன்னே மரத்தடிக்குப் போகவே நேரம் போதாது.

இனி வழக்குக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு தடவை படித்தேன். கூலி கேட்டபோது 'நீ என் வேலைக்காரன் இல்லை' என்றிருக்கிறார் முதலாளி. எஃப்.ஐ.ஆர் நகலில் என்ன பிரிவு என்று பாருங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 306 என்று இருக்கும் என்று நினைக்கிறேன். வேலைக்காரன் முதலாளியின் பொருளைத் திருடுவதற்கான பிரிவு அது, 7 வருடம் வரை தண்டனை. கூலி கொடுக்கும்போது கான்டிராக்டர், சிறைக்கு அனுப்பும்போது மட்டும் வேலைக்காரனா? இதைக் கோர்ட்டில் சொல்லியே ஆக வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அவர் வேலைக்காரர் இல்லை என்றானால் மிஞ்சுவது 303 ஆவது பிரிவின் சாதாரணத் திருட்டு. அதில் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, முதல் தடவை, பொருளும் திரும்பக் கிடைத்துவிட்டது என்றால் தண்டனை சமூக சேவை மட்டும்தான். 2024 ஜூலை 1 முதல் வந்த மாற்றம் இது. அது ஜாமீனில் விட்டே ஆக வேண்டிய குற்றம், வாரன்ட் இல்லாமல் போலீஸ் கைதுகூடச் செய்ய முடியாது. உங்கள் வழக்கில் மதிப்பு 4,200. ஒரே 25 ஷீட்டுதான். எந்தப் பிரிவை எழுதுகிறார்கள் என்பதில் ஒருவருடைய வாழ்க்கையே அடங்கியிருக்கிறது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. சட்டம் ஒன்றுதான், ஆனால் எதைக் குற்றம் என்று எழுதி வைத்திருக்கிறது என்பதைப் பாருங்கள். தொழிலாளி முதலாளியிடமிருந்து 4,200 ரூபாய்ப் பொருளை எடுத்தால் 7 வருடம் வரை சிறை. முதலாளி தொழிலாளியின் ஏழு வாரக் கூலியைப் பிடித்து வைத்தால், முதல் தடவைக்கு அபராதத்தோடு சரி. போலீஸ் வீட்டுக்கு வராது, ரிமாண்ட் கிடையாது, யாரும் அவரைத் திருடன் என்று சொல்லமாட்டார்கள். அனுமதிக்கு மேல் மலையை உடைத்துக் கல் எடுத்தவர்கூட, கனிமச் சட்டத்தின் 23ஏ பிரிவில் பணம் கட்டி வழக்கைச் சமரசம் செய்துகொள்ளலாம். விமர்சனக் குற்றவியல் என்று ஒரு படிப்பே இருக்கிறது. யார் குற்றவாளி என்று கேட்பதற்கு முன்னால், குற்றம் எது என்று முடிவு செய்தது யார் என்று அது கேட்கிறது. கோட்டும் டையும் போட்டவர்கள் செய்யும் குற்றத்துக்கு 'வெள்ளைக் காலர் குற்றம்' என்று தனிப் பெயர் வைத்துப் பேசியவர் அமெரிக்க அறிஞர் சதர்லேண்ட், 1939 இல்.

நம் மாவட்டத்துக்கு இதைப் புத்தகம் வைத்துச் சொல்லித் தர வேண்டியதில்லை. திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் பெண்கள் தோள்சீலை போடக் கூடாது என்று 1829 இல் அரசாணை இருந்தது. தோளில் ஒரு சீலை போடுவதே சட்டமீறல். 1859 இல்தான், அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு, அனுமதித்தார்கள். அன்றைக்கு அதை நடைமுறைப்படுத்திய அதிகாரிகளும் சட்டப்படிதான் நடந்துகொண்டதாக நினைத்திருப்பார்கள்.

2022 ஆம் ஆண்டு தேசியக் குற்ற ஆவணக் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். உங்கள் வீட்டுக்காரரைப் போல உத்தரவு கையில் இருந்தும் கிடப்பவர்களும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

சரி, கோர்ட் வாசல் ஆட்கள் விஷயம். 6,000 ரூபாய்க்கு வரும் ஜாமீன்தாரர் பெரும்பாலும் போலி ரசீதோடு வருவார். ஏற்கெனவே எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்றும் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். பொய் வெளியே வந்தால் உங்கள்மேலும் புது வழக்கு வரும். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் யோசனை அதைவிட மோசம். தண்டனை பதிவாகிவிட்டால் 'முதல் தடவை' என்பதற்குச் சட்டம் தரும் சலுகை எல்லாம் போய்விடும். அப்புறம் அந்த வட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில் ஷீட் காணாமல் போனாலும் போலீஸ் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். முடித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் சமரசம் வேறு. புகார்தாரர் சம்மதித்து, கோர்ட் அனுமதியும் கொடுத்தால் 306 ஐக்கூடச் சமரசமாக முடிக்கலாம். அதன் பலன் விடுதலை, தண்டனை கிடையாது. ஆனால் ஏழு வாரக் கூலியை விட்டுக்கொடுப்பதுதான் அதற்கு விலை என்று சொன்னால் என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கூலிக்குத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் தனி மனு போட வேண்டும். இந்த வழக்கோடு அதைக் கலக்காதீர்கள்.

அவர் எத்தனை மரம் வெட்டினார், எந்த வாரம் எவ்வளவு பணம் வந்தது என்று நோட்டில் குறித்து வைத்திருப்பாரே, அதைத் தேடி எடுங்கள். நகல் எடுத்து வக்கீலிடம் கொடுங்கள். அசல் நோட்டை யாரிடமும் கொடுக்க வேண்டாம், கேட்பது நானாகவே இருந்தாலும்.