கிட்டாரே பிடிக்கத் தெரியாதவர் கிறிஸ்துமஸுக்குள் ‘சைலன்ட் நைட்’ வாசிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா? கீபோர்டு இல்லாமல் எடுபடுமா?

முடியும். ஆனால் “எடுபடுமா” என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சர்ச் வாலிபர் ஐக்கியத்தில் யாரோ உங்களைக் கோர்த்துவிட்டிருப்பார்கள், வீட்டுப் பரண்மேல் பழைய கிட்டார் ஒன்று கிடக்கும் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு வேலூர். எங்கள் பாடகர் குழுவில் ஒரு பெரியவர், கிட்டாரைக் கண்டாலே “அது சினிமா வாத்தியம்பா, ஆராதனைக்கு ஆர்கன்தான்” என்பார். சரி, ஆர்கன் பெரிய வாத்தியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் இந்தப் பாட்டு முதன்முதலில் பாடப்பட்டதே கிட்டாரோடுதான். 1818 டிசம்பர் 24, ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பக்கத்து ஓபர்ன்டார்ஃப். உதவிப் பாதிரியார் யோசப் மோர் 1816-இல் எழுதிய கவிதையை, பள்ளி ஆசிரியரும் ஆர்கன் வாசிப்பவருமான பிரான்ஸ் சேவர் குரூபரிடம் கொடுத்து, இரண்டு குரலுக்கும் கிட்டாருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு மெட்டு கேட்டார். அன்று இரவே இருவரும் பாடிவிட்டார்கள், கிட்டார் மோரின் கையில். ஆர்கனை எலி கடித்துவிட்டதால் வேறு வழியில்லாமல் கிட்டார் எடுத்தார்கள் என்று டிசம்பர் வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றும். குரூபரே 1854-இல் எழுதிவைத்த குறிப்பில் எலியும் இல்லை, பழுதான ஆர்கனும் இல்லை. (அவர்கள் பாடிய அந்தக் கோயில் பிற்பாடு ஆற்று வெள்ளத்தில் சேதமாகி இடிக்கப்பட்டது. நம் பாலாற்றில் 2021 நவம்பரில் வந்த மாதிரி எப்போதாவது தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறோம்.)

வாசிப்புக்கு வருகிறேன். ஜி, சி, டி செவன், மூன்றே கார்ட் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்படி இடது கை விரல்களை வைக்கும் அமைப்பு). புதியவர்களைத் துரத்தும் எஃப் இதில் கிடையாது. 6/8 தாளத்தில், சுற்றுக்கு ஆறு தட்டு என்று எண்ணினால் மொத்தம் பன்னிரண்டு சுற்று, அதாவது பார். முதல் இரண்டு ஜி, மூன்றாவது டி செவன், நான்காவது ஜி. அடுத்த நான்கும் சி, ஜி, சி, ஜி. பாட்டு உச்சத்துக்குப் போகிற ஒன்பதாவதில் டி செவன், பத்தில் ஜி. பதினொன்றில் பாதி ஜி, பாதி டி செவன், கடைசியில் ஜி. ஈ மைனர் சேர்த்தால்தான் அழகு என்று யாராவது வருவார்கள். சேருங்கள் ஐயா, நான் தடுக்கவில்லை. கேட்டவர் இன்னும் கிட்டாரே பிடிக்கவில்லை.

வலது கையில் ஸ்ட்ரம்மிங் (எல்லாக் கம்பியையும் ஒன்றாக வருடி அடிப்பது) வேண்டாம். தாலாட்டுப் பாட்டு இது, வறவறவென்று அடித்தால் குழந்தை எழுந்துவிடும். பெருவிரலால் அடிக்கம்பி (ஜிக்கு ஆறாவது, சிக்கு ஐந்தாவது, டி செவனுக்கு நான்காவது), பிறகு மற்ற விரல்களால் மூன்று, இரண்டு, ஒன்று, இரண்டு, மூன்றாவது கம்பிகள் (மெல்லியதுதான் ஒன்று, தடித்தது ஆறு). ஆறு தட்டில் ஒரு பார் முடிந்தது. கஷ்டம் விரலில் இல்லை, நிதானத்தில் இருக்கிறது. எல்லோரும் வேகமெடுத்து ஓடுவார்கள். சபையோடு பாடுவதென்றால் மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் இருக்கும் குறுக்குக் கட்டை) கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப் மாட்டிக்கொள்ளுங்கள், பாட்டுப் புத்தகங்களில் வழக்கமாக இருக்கும் பி ஃபிளாட் சுருதி வந்துவிடும்.

எடுபட்ட கதையையும் சொல்கிறேன். ஒரு வருடம் கேரல் ரவுண்ட்ஸில் (கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவது), ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜ்கள் நிறைந்த சந்து ஒன்றுக்குள் போனோம். வண்டி நுழையவில்லை, அதனால் கீபோர்டும் ஸ்பீக்கரும் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டன. நிம்மதி. அந்தத் தம்பி எந்தப் பாட்டுக்கும் ஒரே டிஸ்கோ பீட்டைத்தான் தட்டுவான். லாட்ஜ் வராந்தாவில் நான் கிட்டாரை எடுத்தேன், நம் ஆட்கள் ‘ஒப்பில்லாத் திரு இரா’ என்று தமிழில் ஆரம்பித்தார்கள். அங்கே சிகிச்சைக்கு வந்து தங்கியிருந்த ஒரு மிசோரம் குடும்பம் வெளியே வந்து, அதே மெட்டைத் தங்கள் மொழியில் பாடியது. அதிலும் அழகாக, குரல் பிரித்து! எங்கள் டெனர்கள், அதாவது மேல்குரல் பாடும் ஆண்கள், வாயை மூடிக்கொண்டார்கள். கூடவே வந்திருந்த பெரியவர் “நல்லாத்தான் இருந்துது, ஆனா ஆர்கன் இருந்தா இன்னும்...” என்று இழுத்தார். அவர் மாறவில்லை, மாறவும் மாட்டார்.

லாட்ஜ் என்றதும் இன்னொன்று. எங்கள் சொந்தக்காரர்களுக்கு வேலூர் என்றால் ஆஸ்பத்திரி மட்டும்தான். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வெயில் என்பார்கள், செக்கப்புக்கு மட்டும் குடும்பத்தோடு இறங்குவார்கள். அதுவும் டிசம்பரில். காலையில் டோக்கன் போட யார் போவது? நான்தான். ராத்திரி கிட்டாரை எடுத்தால் “மாமாவுக்குத் தூக்கம் வரல” என்று உள்ளே இருந்து குரல் வரும். நான் பயிற்சி எடுத்தது முழுக்க மொட்டை மாடியில், கொசுவோடு. கோட்டையைச் சுற்றிக் காட்டட்டுமா என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் நேரம் இருக்காது. நோயாளிகளைச் சொல்லவில்லை, கூடவே வந்து டிவி ரிமோட்டைப் பிடித்துக்கொள்பவர்களைச் சொல்கிறேன்.

சரி, கடைசியாக ஒன்று. கிட்டார் இனிமேல்தான் வாங்க வேண்டும் என்றால் நைலான் கம்பி போட்டதையே வாங்குங்கள், விரல்நுனி பிழைக்கும். பரண்மேல் இருப்பது இரும்புக் கம்பி வகை என்றால் துருப்பிடித்ததைக் கழற்றிவிட்டு எக்ஸ்ட்ரா லைட் என்கிற மெல்லிய கம்பி செட் ஒன்று போடுங்கள். நைலான் கிட்டாரில் மட்டும் இரும்புக் கம்பி மாட்டிவிடாதீர்கள், கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜே பெயர்ந்து வந்துவிடும்.