இன்ஜினைப் பிரிக்கும் முன் நான்கு எண்களைக் கேளுங்கள்

கேள்வி: 2014ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் கார் ஒன்றைச் சென்ற ஆண்டு புரோக்கர் மூலம் வாங்கினேன். சென்னைப் பதிவெண் கொண்ட வண்டி. இரண்டு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சைலன்ஸரில் வெள்ளைப் புகை வருகிறது. பிக்கப் குறைந்துவிட்டது. கூலன்ட் அடிக்கடி குறைகிறது. ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. "கம்ப்ரஷன் போய்விட்டது, ஃபுல் இன்ஜின் வேலை, 70,000 ரூபாய் ஆகும், வேண்டாமென்றால் பழைய இன்ஜின் ஒன்றை 45,000 ரூபாய்க்கு மாற்றித் தருகிறேன்" என்கிறார் மெக்கானிக். ரேடியேட்டரில் ஒரு பவுடரைக் கொட்டினால் போதும் என்கிறார் புரோக்கர். யார் சொல்வதைக் கேட்பது? – வாசகர், சேலம்.

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். வெளியே ஒழுகாமல் கூலன்ட் குறைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; இந்த நோயைக் கண்டுபிடிக்க அதைவிடப் பெரிய தடயம் தேவையில்லை. வெளியே போகாத கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், உள்ளேதான் போகிறது. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதியான பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடான கேஸ்கெட் ஓரிடத்தில் கருகிப் போயிருந்தால், அந்த வழியாகக் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கி, எரியும்போது ஆவியாகி, வெள்ளைப் புகையாக வெளியேறும். அதே வழியாகச் சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தமும், அதாவது கம்ப்ரஷனும், கசியும். ஆகவே உங்கள் வண்டியின் வெள்ளைப் புகையும் கம்ப்ரஷன் குறைவும் இரண்டு நோய்களாக இல்லாமல் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகளாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அது ஹெட்டை மட்டும் இறக்கிச் செய்யும் வேலை. சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன், அதைச் சுற்றியுள்ள ரிங், சிலிண்டரின் உட்சுவரான போர், அடியில் சுழலும் கிராங்க் வரை போகும் "ஃபுல் இன்ஜின் வேலை" அல்ல. இருந்தாலும், சோதித்துப் பார்க்கும் வரையில் இதுவும் ஊகம்தான்.

புகையைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. மார்கழிக் காலையில் எந்தக் காரின் சைலன்ஸரிலும் மெல்லிய வெண்ணிற ஆவி வரும். அது இன்ஜின் சூடேறிய சில நிமிடங்களில் நின்றுவிட வேண்டும். கூலன்ட் எரியும் புகை அப்படிச் சட்டென்று கரையாது. வண்டியின் பின்னால் அடர்த்தியாகத் தொங்கும், முகர்ந்தால் ஒருவித இனிப்பு வாடை அடிக்கும். வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருந்தால் அந்த வாடை இருக்காது. நீலம் கலந்த புகையென்றால் ஆயில் எரிகிறது என்று பொருள். அது வேறு கதை. டீசல் வண்டியின் வெள்ளைப் புகைக்கு எரியாத டீசலும் காரணமாகலாம் என்பதால், டீசல் வைத்திருப்பவர்கள் கீழே வரும் எண்களைத் தங்கள் வண்டிக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு. இரவு முழுக்க நின்று இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது மட்டும், சூடாக இருக்கும்போது எக்காரணம் கொண்டும் வேண்டாம், ரேடியேட்டர் மூடியைத் திறந்து நிரப்பிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். தேங்கியிருந்த காற்று வெளியேறி முடிந்த பிறகும் குமிழிகள் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தால், எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுகிறது. மூடியைப் போட்ட நிலையில், குளிர்ந்த இன்ஜினை ஓடவிட்ட ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் அதற்கும் இதே பொருள்தான். அடுத்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்: ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறியிருந்தால் அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், ஏனென்றால் தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும், பிறகு மெக்கானிக் சொன்ன 70,000 ரூபாய் உண்மையாகிவிடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தால் இன்னொரு சாட்சி கிடைக்கும். மூன்று பிளக்குகள் இளம் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தால், கூலன்ட் இறங்குவது அந்தச் சிலிண்டருக்குள்தான்.

இனி உங்கள் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது. "கம்ப்ரஷன் போய்விட்டது" என்று அவர் எதை வைத்துச் சொன்னார்? சிலர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, புகை வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டே தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். கம்ப்ரஷனுக்குக் கேஜ் இருக்கிறது. பிளக் இருக்கும் துளையில் அதைத் திருகி, ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு எண் கிடைக்கும். நான்கு சிலிண்டருக்கு நான்கு எண்கள். அவை ஒரு தாளில், முதல் சிலிண்டர் முதல் நான்காவது வரை வரிசையாக, தேதியுடன் உங்கள் கைக்கு வர வேண்டும்.

இந்தச் சோதனையிலும் ஒரு வலை இருக்கிறது. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழுமையாக சார்ஜ் ஆகியிருக்க வேண்டும், நான்கு பிளக்குகளும் கழற்றப்பட்டிருக்க வேண்டும், பெட்ரோலும் பிளக்கின் தீப்பொறியும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆக்ஸிலரேட்டர் அடிவரை அழுத்தப்பட்டிருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் சோதித்தால் இன்ஜினுக்குள் காற்றே போதிய அளவு போகாது. ஷோரூமிலிருந்து நேற்று வந்த வண்டிகூட அப்போது குறைவான எண்ணைத்தான் காட்டும். நான்கு சிலிண்டரிலும் ஒரே அளவாகக் குறைந்த எண்ணைக் காட்டி யாராவது உங்களைப் பயமுறுத்தினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சோதித்த முறையை. அடுத்துத்தான், காற்றும் புகையும் போகும் வால்வுகளை நேரத்துக்குத் திறக்கவைக்கும் டைமிங் செயினையும் ரிங்குகளையும். இது தெரியாமல் செய்யும் தவறா, தெரிந்தே செய்வதா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டுமே நடக்காது.

நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் இன்ஜினில் பெரும்பாலும் கேஜ் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும், உங்கள் மாடலுக்கான சரியான அளவு நிறுவனத்தின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அந்த அளவைவிட முக்கியமானது சிலிண்டர்களுக்கு இடையேயான வித்தியாசம். அது 15 பி.எஸ்.ஐ.-க்குள் இருக்க வேண்டும். உதாரணமாக 170, 95, 90, 165 என்று வந்தால், அடுத்தடுத்துள்ள இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து விழுந்திருக்கின்றன. அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் கருகியிருக்கிறது என்பதற்கு இது ஏறக்குறைய கையெழுத்திட்ட வாக்குமூலம். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாக இருந்தால், அதில் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடியும் சோதிக்கச் சொல்லுங்கள். ஆயில் ரிங்கைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைப்பதால் எண் கணிசமாக ஏறினால், கோளாறு ரிங்கிலோ போரிலோ இருக்கிறது. அப்போதுதான் பெரிய வேலையைப் பற்றிப் பேச்சே எடுக்கலாம். எண் ஏறவில்லையென்றால் வால்வு அல்லது கேஸ்கெட். இரண்டுக்கும் ஹெட்டை இறக்கினால் போதும். கேஸ்கெட்தானா என்று உறுதி செய்ய இன்னொரு எளிய வழி, ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து அங்குள்ள காற்றை நீலத் திரவம் ஒன்றின் வழியாக இழுப்பது. எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.

இவ்வளவு எளிய சோதனையை ஏன் யாரும் தாமாகச் செய்வதில்லை என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரில் நோயைக் கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடையாது. ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு 500 ரூபாய் கேட்டால், "பார்த்ததுக்கே காசா?" என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார், கழற்றிப் போட்டுவிட்டு 70,000 கேட்டால் கடன் வாங்கியாவது கொடுக்கிறார். பெரிய சர்வீஸ் சென்டர்களிலும் நிலைமை மேலல்ல. அங்கே பாகத்தைப் பழுது பார்க்காமல் முழு அசெம்பிளியாக மாற்றுவதற்குத்தான் கணினியில் எஸ்டிமேட் தயாராக இருக்கிறது. ஆகவே சோதனைக்குத் தனியாகப் பணம் தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால், பழுது பார்க்கப் போகிறவரிடம் அல்லாமல் வேறொருவரிடம் சோதியுங்கள். புகைச் சான்று இருக்கிறதே என்று நினைத்து அமைதியடைய வேண்டாம். அந்தச் சோதனை கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறதே தவிரக் கூலன்ட் ஆவியை அளப்பதில்லை. வண்டியைக் கண்ணால் பார்க்காமலே சான்று அடித்துத் தருகிறவர்களும் நாட்டில் இருக்கிறார்கள்.

உங்கள் வண்டி சென்னைப் பதிவெண் கொண்டது, அதுவும் 2014ஆம் ஆண்டு மாடல் என்பதால், ஒரு விதிவிலக்கைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டிகளில் பல, கழுவித் துடைக்கப்பட்டு, வெளியூர்ச் சந்தைக்கு வந்தன. தண்ணீரில் ஓடும் இன்ஜின் காற்றோடு தண்ணீரையும் இழுத்துவிட்டால், தண்ணீரை அமுக்க முடியாது என்பதால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு லேசாக வளைந்துவிடும். வளைந்தும் வண்டி ஓடும். ஆனால் அந்தப் பிஸ்டன் முன்புபோல் முழு உயரத்துக்கு வராது; மேலே மிஞ்சும் இடம் கூடிவிடுவதால் அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷன் மட்டும் குறையும். இங்கே ஆயில் விட்டுப் பார்க்கும் சோதனை ஏமாற்றும்: எண் பெரிதாக ஏறாது, உடனே "வால்வு போயிற்று" என்று ஹெட்டை இறக்குவார்கள், வால்வில் ஒரு குறையும் இருக்காது.

இதைப் பிரித்தறிய லீக் டவுன் சோதனை வேண்டும். பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்தி, கம்ப்ரஸர் காற்றைச் சிலிண்டருக்குள் செலுத்தி, எங்கே கசிகிறது என்று காது கொடுத்துக் கேட்பார்கள். ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். கம்ப்ரஷன் குறைவாக இருந்தும் எங்குமே கசியவில்லையென்றால் வளைந்த ராடுதான் முதல் சந்தேகம். பிளக் துளையில் ஒரு நீளமான மெல்லிய குச்சியை நேராக இறக்கி, ஒவ்வொரு பிஸ்டனும் எந்த உயரம் வரை அதைத் தூக்குகிறது என்று குறித்துப் பார்த்தால், ஒன்று மட்டும் ஓரிரு மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று அறிய, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்; சுருளின் அடியில் இருக்கும் கடைசி முழத்தை யாரும் துவைப்பதில்லை, சேற்றுக் கறை அப்படியே இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியையும் சீட்டைத் தாங்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். ஆனால் வளைந்த ராடு மட்டும் கூலன்டைக் குறைக்காது. கூலன்டும் குறைகிறது என்பதால் உங்கள் விஷயத்தில் கேஸ்கெட்தான் இன்னமும் முன்னால் நிற்கிறது.

ஹெட்டை இறக்குவதென்று முடிவானால் கூடவே இருங்கள். பழைய கேஸ்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வட்டங்களுக்கு நடுவே, அல்லது ஒரு வட்டத்துக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவே, கரும்பாதை ஒன்று ஓடியிருப்பதை நீங்களே பார்க்கலாம். ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி, வெடிப்பு இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்டும், மட்டம் சரியா என்று நேர்விளிம்பு வைத்தும் பார்க்க வேண்டும். வளைந்திருந்தால் மட்டுமே ஃபேசிங், அதாவது மட்டமாகச் சீவுதல், அதுவும் தேவையான அளவுக்கு மட்டும். பல இன்ஜின்களில் ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கியதும் நீண்டுவிடும் வகை. அவற்றைப் புதிதாகத்தான் போட வேண்டும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் வரிசைப்படி இறுக்க வேண்டும். "கையிலேயே அளவு தெரியும்" என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். இவை எல்லாம் சேர்ந்தும் செலவு பெரும்பாலும் 70,000 ரூபாயில் பாதியைக்கூட எட்டாது.

கேஸ்கெட் பெரும்பாலும் தானாகக் கருகாது. வண்டி என்றோ அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கக்கூடும். ரேடியேட்டர் ஃபேன், வாட்டர் பம்ப், உப்புத் தண்ணீர் ஊற்றி அடைத்துப்போன ரேடியேட்டர் ஆகியவற்றைப் பார்க்காமல் புதுக் கேஸ்கெட் போட்டால் அதுவும் போகும். இந்த இடத்தில், "நம்ம ஊர் வெயிலுக்கு எதற்கு தெர்மோஸ்டாட்?" என்று அதைக் கழற்றி வீசும் வழக்கத்தைப் போன்ற மடத்தனம் வேறில்லை. இன்ஜின் சூடேறும் வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் இன்ஜின் தேவையான சூட்டை அடைய நேரமாகும். குளிராகவே இருக்கிறதென்று எண்ணி இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக விடும், அது சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவி ரிங்கைத் தேய்க்கும். சில இன்ஜின்களில் கூலன்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, நெரிசலில் இன்னும் அதிகமாகச் சூடாகும். உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

புரோக்கர் சொன்ன பவுடர், ரேடியேட்டரில் மஞ்சள் தூள் கொட்டும் பழைய வைத்தியத்தின் புதிய பாக்கெட்தான். நடு ரோட்டில் நின்றுவிட்ட வண்டியை வீடு சேர்க்க உதவலாம். கருகிய கேஸ்கெட்டை ஆற்றாது, ஹீட்டரின் நுண்குழாய்களையும் ரேடியேட்டரையும் அடைக்கும். உங்களிடம் விற்பதற்கு முன்பே அவர் அதைப் போட்டிருக்கக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பழைய இன்ஜினை மாற்றும் யோசனையை நான் கடைசி வழியாகக்கூட ஏற்க மாட்டேன், அதன் சிலிண்டர்களின் கம்ப்ரஷன் எண்களை நீங்கள் பார்க்காத வரையில். மேலும் ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கான பில் வேண்டும், கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இத்தனை படிகளையும் ஏறி இறங்கச் சலித்துப்போய் ஊரில் பலர் பதியாமலே ஓட்டுகிறார்கள். அந்த அலுவலகங்களின் நடைமுறையும் அவர்களை அப்படித்தான் தள்ளுகிறது. ஆனால் விபத்து இழப்பீடு கேட்கும் நாளிலோ, வண்டியை விற்கும் நாளிலோ மாட்டிக்கொள்வது மெக்கானிக் அல்ல, ஆர்.சி.யில் பெயர் உள்ளவர். பில் தர மறுக்கும் இன்ஜின் திருட்டு வண்டியின் இன்ஜினாகவும் இருக்கலாம்.

எந்த வேலையானாலும், செய்த வேலையும் போட்ட பாகங்களும் தனித்தனியே எழுதப்பட்ட பில்லை வாங்குங்கள். அது இல்லாமல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் புகாரை நிரூபிப்பது பெரும்பாடு. அங்கே 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. கம்ப்ரஷன் எண்கள் எழுதிய தாளையும் அந்தப் பில்லோடு சேர்த்து வையுங்கள். வேலை முடிந்த பிறகு அதே நான்கு சிலிண்டர்களையும் மறுபடி அளந்து, அதே தாளில் பக்கத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், மீதித் தொகையை அதன் பிறகு கொடுங்கள்.