அரிப்பு வேறு, சரிவு வேறு: எரிமலை மண் குறித்த வாசகர் கேள்விகள்

ஜாவாவின் தியெங் பீடபூமியில் உருளைக்கிழங்குப் பார்களை (கிழங்கு நடும் நீள மண்மேடுகளை) மேலிருந்து கீழாகவே போடுகிறார்களாமே, இது அறியாமை அல்லவா? (மாணவி, கோவை)

அறியாமை அல்ல. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், பனிமூட்டமும் மழையும் மிகுந்த இடத்தில், பார்களைக் குறுக்கே போட்டால் அவற்றுக்கு இடையிலுள்ள சாலில் நீர் தேங்கிக் கிழங்கு அழுகும் என்று உழவர் அஞ்சுகிறார். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும் ஒவ்வொரு சாலும் சிற்றோடையாகி மேல்மண்ணைச் சேராயு ஆற்றில் சேர்க்கிறது. கீழே மிரிச்சா நீர்த்தேக்கம் தூர்ந்துகொண்டே வருகிறது. நீர் மெல்ல வடியும் அளவுக்குச் சிறு சாய்வோடு பார்களைக் குறுக்கே அமைத்து, புல் வளர்த்த ஓர வடிகாலில் விடுவதே நடுவழி.

எங்கள் நீலகிரியும் எரிமலைதானே? (கூடலூர்)

இல்லை. அது சார்னோக்கைட் என்னும் உருமாறிய பாறை. இதை முன்பும் எழுதியிருக்கிறேன்.

எரிமலைச் சாம்பல் மண்ணைத் தொட்டே அறிய முடியுமா? (சேலம்)

ஓரளவு முடியும். ஈரமான மண்ணை விரல்களுக்கிடையே அழுத்தித் தேயுங்கள். கெட்டியாக இருந்தது திடீரென வழுக்கி, நீர் கசியும். அலோபேன் என்னும் கனிமம் நீரைத் தன்னுள் பிடித்து வைத்திருப்பதே காரணம்.

உகாண்டாவில், எல்கன் மலைச் சரிவில், நண்பரோடு காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். மேற்பகுதியில் நீளமாக நிலம் வெடித்திருக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கிவிட்டால் சரிவு நிற்கும் என்று ஆழமான அகழிகள் தோண்டவிருக்கிறோம். சரியா? (கம்பாலா)

தோண்டாதீர்கள். மலைச்சாய்வின் கோணம், வெடிப்பின் அகலம், ஊற்று இருக்குமிடம் எதையும் எழுதாமல் தோண்டும் முடிவை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் இந்தப் பதிலுக்கு அவை தேவையில்லை. நீர் மேல்மண்ணைச் சுரண்டிச் செல்வது அரிப்பு. உள்ளே ஏறிய நீரால் ஆழத்தில் பிடிப்பு விட்டு நிலமே நகர்வது சரிவு. நீரை நிறுத்தி உள்ளே இறக்குவது முன்னதற்கு மருந்து, பின்னதற்கு நஞ்சு. இந்த வேறுபாட்டை அறியாமல் எல்லா மலைக்கும் அகழியைப் பரிந்துரைக்கும் திட்டக்காரர்கள் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. எல்கனின் புடுடா பகுதியில் எரிமலைப் பாறை சிதைந்து ஆழமான களிமண்ணாகிக் கிடக்கிறது. அதன்மேல் காபியும் வாழையும் வீடுகளும் நெருங்கி நிற்க, வீட்டுக்கு இடம் வேண்டி மலைச்சாய்வின் அடியையும் வெட்டுகிறார்கள். 2010 மார்ச் 1 அன்று நமெட்சி ஊரில் நிலம் சரிந்து மாண்டவரும் காணாமற்போனவரும் சேர்ந்து முந்நூறுக்கு மேல். 2018 அக்டோபரில் புடுடாவிலும் 2024 நவம்பரில் புலாம்புலியிலும் மீண்டும் சரிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது நேர்மாறானது: வெடிப்பைக் களிமண்ணால் அடைத்துக் கெட்டியாக இடியுங்கள், அதற்கு மேலே வரும் நீரை ஆழமற்ற, கசியாத வாய்க்காலால் ஒதுக்கி, உறுதியான ஓடையில் விடுங்கள். வெடிப்பின் இரு கரையிலும் ஒவ்வொரு முளை அடித்து, மழைக்காலத்தில் காலைதோறும் இடைவெளியை நாடாவால் அளந்து குறித்துவையுங்கள். ஒரே இரவில் ஒரு விரற்கடை கூடினாலும், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலும், கீழே வசிக்கும் தொழிலாளர் குடும்பங்களை அன்றே வெளியேற்றுங்கள், அறுவடை காத்திருக்கட்டும்.

மரம் நட்டால் போதாதா? (திருச்சி)

மரவேர் பெரும்பாலும் இரண்டொரு மீட்டர் வரைதான் மண்ணைப் பிடிக்கும். நிலம் நழுவும் வழுக்குத்தளம் அதற்குக் கீழே இருந்தால் மரத்தோடு சேர்ந்தே நிலம் இறங்கும். அரிப்புக்கு நல்லது, ஆழ்சரிவுக்குப் போதாது.

தக்காணத்தின் பசால்ட் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆறிய எரிமலைக் குழம்புப் பாறைதானே, அங்கே என்ன ஆபத்து? (மும்பை)

பாறை ஆறியது உண்மை, சுமார் 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. சரிவது அதன்மேல் கிடக்கும் சிதைந்த மண்போர்வை. 2014 ஜூலை 30 அன்று புணே மாவட்டத்து மாலின் ஊரில், அடைமழையில் அது இறங்கி, ஏறக்குறைய 150 பேரைக் கொண்டுபோயிற்று.