மாடியறைக்கு வைஃபை எட்டவில்லையே?

கேள்வி: எங்களுடையது இரட்டை மாடி வரிசை வீடு. ரௌட்டர் கீழே வரவேற்பறையில் இருப்பதால், மேலே பின்னறையில் வைஃபை தேய்ந்துவிடுகிறது. ரிப்பீட்டர் வாங்கலாமா?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: ஒரே அலைவரிசையில் வாங்கியும் அனுப்பியும் வேகத்தை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும் மலிவான ரிப்பீட்டரைவிட, ரௌட்டரிலிருந்து கேபிள் இழுத்து மாடியில் ஓர் அக்செஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் கருவி) பொருத்துவதே மேல்; ஏனெனில், கான்கிரீட் தளத்தைக் கடக்க 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதிகம் திணறும். பழைய ரௌட்டர் அலமாரியில் தூங்கினால் அதையே அக்செஸ் பாயின்டாக எழுப்பலாம். ஆனால், சாதனங்களுக்கு ஐபி முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபி வசதியை நிறுத்தி, முதன்மை ரௌட்டருடன் மோதாதபடி ஐபி முகவரியை மாற்றியபின், கேபிளை லேன் (LAN) எனக் குறித்த போர்ட்டில்தான் செருக வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் போதும், 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒன்றோடொன்று குறுக்கிடாதபடி கீழே சேனல் 1, மேலே 6 அல்லது 11 எனப் பிரித்துவிடுங்கள்.