எந்த போனில் பாட்டு நன்றாகக் கேட்கும்? கேள்வி பதில்

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ரேடியோ, டேப்ரிக்கார்டர், ஆம்ப் பழுது பார்க்கும் வேலையில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது மேசைக்கு வருவதில் பாதி இயர்போன்தான். போன், இயர்போன், இரண்டுக்கும் நடுவில் மாட்டும் குட்டி இணைப்பான டாங்கிள், இவற்றைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இரண்டு போன்களை ஒப்பிடும்போது முதலில் சத்தத்தின் அளவைச் சமமாக்குங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதைத்தான் 'நல்ல சவுண்ட்' என்று சொல்லும். அடுத்ததாக டால்பி, ஈக்வலைசர் என்று இரண்டிலும் இருக்கும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பல போன்கள் வாங்கும்போதே அவை ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பள்ளத்தூரிலிருந்து: அண்ணே, ஆண்ட்ராய்டைவிட ஐபோனில் பாட்டு நல்லா இருக்கும்னு சொல்றாங்களே, உண்மையா? நான் ப்ளூடூத் பட்ஸ்தான் போடுகிறேன்.

பட்ஸ் போடுகிறீர்கள் என்றால் போனுக்கு இதில் வேலை ரொம்பக் குறைவு. எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றும் டி.ஏ.சி. சிப்பும், அதைப் பெருக்கும் ஆம்பும் பட்ஸுக்குள்ளேயே இருக்கின்றன. போன் பாட்டைச் சுருக்கி மூட்டை கட்டி அனுப்புகிறது, அவ்வளவுதான். எப்படிச் சுருக்குகிறது என்பதைத்தான் கோடெக் என்கிறோம். எஸ்.பி.சி. எல்லாவற்றிலும் உண்டு. ஐபோன் அதோடு ஏ.ஏ.சி.யும் அனுப்பும். ஆண்ட்ராய்டில் பலவற்றில் ஆப்டெக்ஸ், சோனி உண்டாக்கிய எல்டாக் ஆகியவை கூடுதலாக இருக்கும். எல்டாக் நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும். ஆனால் போனைப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றால் அது 660, 330 என்று இறங்கிவிடும்.

இதில் காதுக்குத் தெரியும் வித்தியாசம் சின்னது. ரப்பர் டிப் சரியான அளவாக இல்லாவிட்டால் வரும் வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு பெரிது. பாட்டு ஓடும்போது பட்ஸை விரலால் லேசாக அமுக்கிப் பாருங்கள். பாஸ் சட்டென்று கூடினால் டிப் அளவு தப்பு. பலருக்கு இடக் காதும் வலக் காதும் ஒரே அளவில் இருப்பதில்லை. இரண்டுக்கும் வேறு வேறு டிப் போடலாம், ஒன்றும் தப்பில்லை.

புதுவயலிலிருந்து: 15,000 ரூபாய்க்குள் சவுண்டுக்கு எந்த போன் வாங்கலாம்?

3.5 மி.மீ. ஜாக் உள்ள ஏதாவது ஒன்று. சவுண்டுக்கென்று எடுத்து வைத்த பணம் இருந்தால் அதை இயர்போனில் போடுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து: என் இயர்போனில் திடீரென்று பாடகர் குரல் மட்டும் காணாமல் போய்விட்டது. மேளமும் வயலினும் கேட்கின்றன. போன் போயிடுச்சா?

போகவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த பழுது இது. பிளக்கின் நுனி இடக் காதுக்கு, அடுத்த வளையம் வலக் காதுக்கு. இரண்டிலும் போன மின்சாரம் திரும்பி வரும் பொதுக் கம்பி ஒன்று உண்டு. அது அறுந்துவிட்டால் இடப்பக்கம் நுழைந்த மின்சாரம் வலப்பக்கம் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அப்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதில் விழும். பாடகர் குரலை நடுவில் வைத்துத்தான் கலப்பார்கள், அதாவது இரண்டு பக்கமும் அச்சாக ஒரே மாதிரி. ஆகவே அது தன்னைத் தானே அடித்துக்கொண்டு மறைந்துவிடுகிறது. ஓரமாக வைத்த கருவிகள் தப்பிவிடுகின்றன.

முதலில் பிளக் முழுக்க உள்ளே போகிறதா பாருங்கள். ஜாக்கில் சட்டைப்பைப் பஞ்சு அடைந்திருந்தாலும், போன் கவர் தடுத்தாலும் இதே கோளாறுதான் வரும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள். குண்டூசி வேண்டாம். மைக் பட்டனை அமுக்கியதும் குரல் வந்தால் அது பழைய ஓ.எம்.டி.பி. வகை பிளக். இப்போதைய போன்கள் சி.டி.ஐ.ஏ. வகை. இரண்டிலும் மைக்கும் பொதுக் கம்பியும் இடம் மாறியிருக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் பிளக்கின் கழுத்தில் கம்பி அறுந்திருக்கிறது. போனைச் சுற்றி இயர்போனைக் கட்டி வைப்பவர்களுக்கு அங்கேதான் அறும். இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வெட்டிப் புது பிளக் வைத்துவிடலாம். உள்ளே முடி மாதிரி சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில் கம்பிகள் வரும். பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை இடது, செம்பு பொது. அவற்றின் மேல் எனாமல் பூச்சு இருக்கும். சால்டரிங் அயர்னில் ஈயத்தை நன்றாக உருக்கி, கம்பி நுனியை அதற்குள் வைத்துப் பூச்சு எரிந்து புகை வரும்வரை பிடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஒட்டினால் ஒட்டின மாதிரியே இருக்கும், சத்தம் வராது.

கண்டனூரிலிருந்து ஓர் ஆச்சி: வலது காதில் மட்டும் சத்தம் கம்மியாக இருக்கிறது, தம்பி.

ஆச்சி, இயர்போனை இடம் மாற்றி, வலதை இடக் காதில் வைத்துக் கேளுங்கள். குறைச்சல் இயர்போனோடு கூடவே வந்தால் அதன் வலையில் காதழுக்கு அடைத்திருக்கும். கீழ்நோக்கிப் பிடித்து, காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் படவே கூடாது. இரண்டு முறையும் வலக் காதிலேயே கம்மியாகக் கேட்டால் காது டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

சிங்கம்புணரியிலிருந்து: 12,000க்குள் சவுண்ட் நல்ல போன் எது?

மேலே புதுவயலுக்குச் சொன்னதுதான்.

தேவகோட்டையிலிருந்து: எல்லா போனும் ஒன்றுதான் என்கிற மாதிரி பேசுகிறீர்கள். என்னிடம் இரண்டு போன்கள், இரண்டிலும் ஜாக் உண்டு. ஒரே ஒயர் இயர்போன், ஒரே பாட்டு. ஒன்றில் கனமாக இருக்கிறது, இன்னொன்றில் சிம்பல் பளிச்சென்று வருகிறது.

சத்தம் சமமாக இருந்திருக்காது, தம்பி. சமமாக்கிவிட்டு மறுபடி கேளுங்கள்.

கோட்டையூரிலிருந்து ஓர் ஐயா: தேவகோட்டைத் தம்பி சொல்வது சரி. நான் 192 கிலோஹெர்ட்ஸ் ஹை-ரெஸ் பாட்டு கேட்கிறேன். நல்ல போனில்தான் அதன் அருமை தெரியும்.

ஐயா, 1982இல் வந்த சி.டி. ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து எழுதும். அந்த 44.1 கிலோஹெர்ட்ஸிலேயே 22 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி பதிவாகிவிடும். மனுஷக் காதுக்கு இளமையில் 20 வரை கேட்கும், வயதாக ஆக அது குறைந்துகொண்டே வரும். உங்கள் ஹை-ரெஸ் பாட்டு எம்.பி.3யைவிட நன்றாக இருப்பது நிஜமாக இருக்கலாம். பல நேரம் அது வேறு கையால் புதிதாக மாஸ்டரிங் செய்த, அதாவது வெளியிடுமுன் கடைசியாகச் சவுண்டைச் சீர்செய்த, பதிப்பாக இருக்கும். அதே 192 கோப்பை 44.1க்கு மாற்றி, எது எது என்று தெரியாமல் வீட்டில் ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். பத்து முறையில் ஒன்பது சரியாகச் சொன்னால் நானே கோட்டையூருக்கு வந்து உங்களோடு உட்கார்ந்து கேட்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து மறுபடி: மல்டிமீட்டர் வைத்தே சமமாக்கினேன். வித்தியாசம் அப்படியே இருக்கிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

என்ன இயர்போன், என்ன மீட்டர்? கடையில் கிடைக்கும் சின்ன மஞ்சள் மீட்டர் என்றால் ஏ.சி.யில் 200 வோல்ட்தான் அதன் குறைந்த அளவு. மில்லிவோல்ட்டை அது காட்டாது.

தேவகோட்டை: ஏ.சி. மில்லிவோல்ட் காட்டும் நல்ல மீட்டர். இயர்போன் ஒரு காதுக்கு நான்கு பேலன்ஸ்டு ஆர்மேச்சர், அதாவது நான்கு குட்டி ஸ்பீக்கர், வைத்தது.

சரி, தம்பி சொல்வதுதான் சரி. நான் முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் பதில் சொல்லிவிட்டேன்.

எல்லாரும் கவனியுங்கள், இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி இது. காதுக்கு ஒரே ஒரு சுருள் ஸ்பீக்கர் வைத்த சாதாரண டைனமிக் இயர்போனுக்கு மின்தடை எல்லாச் சுரத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி, 16 ஓம் என்றால் 16, 32 என்றால் 32. பல ஆர்மேச்சர் வைத்ததில் அப்படி இல்லை, ஒரு சுரத்தில் 40 ஓம், இன்னொன்றில் 8 ஓம் என்று ஏறி இறங்கும். போனின் ஜாக்குக்கும் சொந்தமாக ஒரு தடை உண்டு, அவுட்புட் இம்பிடன்ஸ். இரண்டும் சேர்ந்துதான் சத்தத்தைப் பங்கு போடுகின்றன.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜாக்கின் தடை 1 ஓம் என்றால் 40 ஓம் இடத்துக்கும் 8 ஓம் இடத்துக்கும் நடுவில் வரும் ஏற்றத்தாழ்வு முக்கால் டெசிபலுக்குச் சற்று மேல். அதே ஜாக் 11 ஓம் என்றால் கிட்டத்தட்ட ஐந்தரை டெசிபல். ஈக்வலைசரைத் தொடாமலே ஈக்வலைசர் போட்ட மாதிரி. ஜாக்கின் தடையைப்போல் எட்டு மடங்காவது இயர்போனுக்கு இருக்க வேண்டும் என்று தொழிலில் சொல்வது இதனால்தான்.

நேற்று இரவு கடையை அடைத்த பிறகு என் மேசையில் கிடந்த இரண்டு போன்களை அளந்தேன். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஜாக்கில் இயர்போன் இல்லாமல் வெறும் பிளக்கை மட்டும் மாட்டி, அதில் தொட்ட மீட்டரில் 300 மில்லிவோல்ட் வரும்படி இரண்டையும் வைத்தேன். பிறகு 33 ஓம் ரெசிஸ்டரை மீட்டரின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் தொட்டேன். ஒன்று 291க்கு இறங்கி நின்றது. இன்னொன்று 225க்கு விழுந்தது. 300ஐ 225ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, 33ஆல் பெருக்கினால் 11 ஓம். முதல் போன் 1 ஓம். 100 ஹெர்ட்ஸ் எதற்கு என்றால், பல மீட்டர்கள் ஏ.சி.யை நானூறு ஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காகக் காட்டும்.

தேவகோட்டைத் தம்பி, உங்கள் இரண்டையும் இப்படி அளந்து சொல்லுங்கள்.

கோட்டையூர் ஐயா: அப்படியென்றால் 2016இல் எல்ஜி வி20 குவாட் டி.ஏ.சி. என்று விற்றதே, அதெல்லாம் வீணா?

வீணில்லை ஐயா. தடை கூடின பெரிய ஹெட்போன்களை ஓட்டப் போதுமான வோல்ட் அதில் வந்தது, அது நிஜமான பலன். ஆனால் எல்ஜி 2021இல் போன் தொழிலையே விட்டுவிட்டது. பழையதைத் தேடி வாங்கினால் பேட்டரியும் பழையது, பாதுகாப்பு அப்டேட்டும் வராது. ஒரு நல்ல டைப்-சி டாங்கிள் இன்றைக்கு அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். வாங்கும்போது உள்ளே டி.ஏ.சி. இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சில டாங்கிளில் வெறும் கம்பிதான் இருக்கும். அனலாக் ஒலியை டைப்-சியில் அனுப்பும் போனில் மட்டுமே அது பேசும்.

அரியக்குடியிலிருந்து: ஹோம் தியேட்டருக்கு சப்-ஊஃபர் எது?

இங்கே வேண்டாம், கடைக்கு வாருங்கள்.

நெற்குப்பையிலிருந்து: புது இயர்போனை நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் சவுண்ட் திறக்குமாமே?

பழகுவது பெரும்பாலும் காதுதான்.

குன்றக்குடியிலிருந்து: தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறோம். வழியில் பாட்டுக் கேட்க, வெளிச்சத்தத்தை அடக்கும் பட்ஸ் வாங்கலாமா?

நடக்கும்போது அந்த வசதியைப் போடவே போடாதீர்கள். விடியுமுன் இருட்டில், லாரி ஓடும் சாலை ஓரத்தில் நடக்கிறீர்கள். பின்னால் வரும் ஹாரன் காதில் விழ வேண்டும். ஒரு காதில் மட்டும் போட்டு, மெல்ல வைத்துக் கேளுங்கள். தங்கும் இடத்தில் படுத்த பிறகு இரண்டு காதிலும் போட்டுக்கொள்ளலாம்.

திருப்பத்தூரிலிருந்து: 20,000க்குள் சவுண்டுக்கு...

மூன்றாவது தடவை. விலை மாறினாலும் பதில் மாறாது. மேலே படியுங்கள்.

கீழச்சிவல்பட்டியிலிருந்து: அப்பத்தா காலத்து நாகஸ்வர ரெக்கார்டுகள் கோப்பாகக் கிடைத்தன. எந்த போனில் கேட்டாலும் தகரம் மாதிரி இருக்கின்றன.

பழைய 78 சுற்று இசைத்தட்டு ஒரு பக்கம் மூன்று நிமிஷம் சொச்சம்தான், அதுவும் மோனோ. மேல்சுரமும் கீழ்ச்சுரமும் அந்தத் தட்டில் ஏறவே இல்லை. நம் ஊர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் சினிமாவுக்கு வருமுன் விற்ற தட்டுகளும் இந்த வகைதான். இல்லாததை எந்த போனாலும் கொண்டுவர முடியாது. ஆனால் கேட்க இதமாக்கலாம். ஈக்வலைசரில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மூன்று, நான்கு டெசிபல் குறையுங்கள். நாகஸ்வரம் குத்துவது அங்கேதான். 8க்கு மேல் இருப்பது பெரும்பாலும் ஊசி இரைச்சல், அதையும் தணியுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் ஸ்பீக்கர் வைத்தால் தரையும் சுவரும் சேர்ந்து எதிரொலித்து இன்னும் குத்தும். இந்தப் பதிவுகளுக்கு இயர்போனே மேல்.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். இயர்போனைச் சோதிக்க நான் போடுவது தவில். வலக்கை விரல்களில் மாட்டும் கூட்டின் 'டக்', இடப்பக்கம் குச்சி அடிக்கும் 'தொம்', இரண்டும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே கேட்க வேண்டும். அடுத்தது வீணை. காரைக்குடிச் சகோதரர்கள் வாசித்த ஊரில் இருந்துகொண்டு வீணையைப் போடாமல் சோதிக்க எனக்கு மனசு வராது. ஒரு மீட்டு அடங்கி அடங்கி எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பாருங்கள்.

செக்காலையிலிருந்து: இரவு முழுக்கப் பாட்டுப் போட்டுத் தூங்குகிறேன். காலையில் காதில் 'கீ' என்று ஒரு சத்தம்.

இன்றே நிறுத்துங்கள், காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். ஒரே இரவில் நீங்கள் அதைத் தாண்டியிருக்கலாம். போன காது திரும்பி வராது, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

தேவகோட்டையிலிருந்து: அளந்துவிட்டேன். ஒன்று 1.5 ஓம், இன்னொன்று 10 ஓம். இரண்டிலும் ஒரே டாங்கிள் மாட்டினால் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் அண்ணே, எனக்குப் பிடித்தது அந்த 10 ஓம் போனின் கனமான சவுண்ட்தான். அது தப்பா?

தப்பே இல்லை, தம்பி. டாங்கிளிலேயே அந்தச் சவுண்ட் வேண்டுமென்றால், வரிசையில் காதுக்கு ஒன்றாக 10 ஓம் ரெசிஸ்டர் வைத்த ஒரு சின்ன ஒயர் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இயர்போனையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து செய்துவிடுவோம்.