திருப்பூரை ஒரு கம்பெனி கையில கொடுத்துடலாமா?

கேள்வி: என் மருமகன் ஜாம்ஷெட்பூர்ல டாடா ஸ்டீல்ல வேலை பார்க்கிறார். போன மாசம் போய் தங்கிட்டு வந்தேன். குழாய்த் தண்ணிய அப்படியே குடிக்கிறாங்க, கரண்ட் கட் இல்ல, ரோட்டோரம் குப்பை இல்ல. கேட்டா அந்த ஊருக்கு மாநகராட்சியும் இல்லையாம், கவுன்சிலரும் இல்லையாம், எல்லாம் கம்பெனியே பார்த்துக்குதாம். நம்ம திருப்பூரையும் இப்படி ஒரு நல்ல கம்பெனிகிட்ட ஒப்படைச்சுட்டு கவுன்சிலருங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டா என்ன?

- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: நீங்க பார்த்தது நிஜம், அதுல நான் சண்டைக்கே வரல. ஆனா எங்க நின்னு பார்த்தீங்கன்னு ஒரு கேள்வி இருக்கு. மருமகன் குவார்ட்டர்ஸ் கத்மா, சோனாரி, பிஸ்டுபூர் பக்கம்தானே இருக்கும்? ஒரு நாள் சாயங்காலம் சாக்சியில இருந்து ஒரு ஷேர் ஆட்டோ பிடிச்சு சுவர்ணரேகா ஆத்துப் பாலத்தைத் தாண்டி மாங்கோவுக்குப் போயிருந்தீங்கன்னா இந்தக் கடிதத்தோட ரெண்டாவது பாதியை எழுதியிருக்க மாட்டீங்க. பாலத்துக்கு இந்தப் பக்கம் மரம் வச்ச அகல ரோடு, லைட்டு, மூடின சாக்கடை. அந்தப் பக்கம் இறங்கினா நெரிசல், சந்து, வாசல்ல குடம். ஒரே ஆறு, ஒரே ஊர்ப் பேரு, பாதிப் பேருக்குப் பொழைப்பும் அதே ஆலையை நம்பித்தான், ஆனா மாங்கோ கம்பெனியோட லீஸ் எல்லைக்கு வெளிய இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கதையை முதல்ல இருந்து சொல்றேன், ஏன்னா கம்பெனியை மட்டம் தட்டுறதுக்காக இதை எழுதல. ஜம்ஷெட்ஜி டாடா 1902லயே மகன் தோராப்ஜிக்கு எழுதின கடிதத்துல ரோடு அகலமா இருக்கணும், நிழல் மரம் வைக்கணும், புல்வெளிக்கும் ஃபுட்பால், ஹாக்கி மைதானத்துக்கும் இடம் விடணும், கோயில், மசூதி, சர்ச்சுக்கு இடம் ஒதுக்கணும்னு சொல்லியிருக்கார், அப்ப ஆலைக்கு இடமே முடிவாகல. 1907ல கம்பெனி ஆரம்பிச்சு, சாக்சின்னு ஒரு கிராமத்துல ஆலை கட்டி, 1912ல எஃகு வந்துச்சு. அதே வருஷம் எட்டு மணி நேர வேலை, 1915ல இலவச வைத்தியம், 1920ல பிராவிடண்ட் ஃபண்டு. நாட்டுல சட்டம்னு ஒன்னு வர்றதுக்கு எவ்வளவோ முன்னாடி நடந்த விஷயங்க, பாராட்டணும். கூடவே இன்னொன்னையும் பார்க்கணும், காட்டுக்கு நடுவுல ஆலை போட்டவனுக்கு வீடு, தண்ணி, ஆஸ்பத்திரி இதெல்லாம் இல்லாம ஆள் கிடைக்காது, கிடைச்சாலும் நிக்காது. ஆக அந்த ஊரே ஆலையோட ஒரு டிபார்ட்மென்ட் மாதிரிதான் பொறந்துச்சு. 1919ல வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு வந்து ஜாம்ஷெட்பூர்னு பேர் வச்சார், காளிமாட்டி ஸ்டேஷன் டாடாநகர் ஆச்சு.

2003ல அந்த ஊர்ப் பராமரிப்பு டிபார்ட்மென்டைத் தனியாப் பிரிச்சு ஜஸ்கோன்னு ஒரு கம்பெனி ஆக்கினாங்க, இப்ப பேரு நீளமா மாறிடுச்சு, ஊர்க்காரங்க இன்னும் ஜஸ்கோன்னுதான் சொல்றாங்க. தண்ணி, கரண்ட், சாக்கடை, ரோடு, குப்பை எல்லாத்துக்கும் ஒரே இடத்துல கம்ப்ளெயின்ட். நம்ம ஊர்ல குழாய் உடைஞ்சா குடிநீர் வாரியமா, மாநகராட்சியா, நெடுஞ்சாலைத் துறையான்னு மூணு ஆபீசும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டுற விளையாட்டு அங்க கிடையாது. இதுல கத்துக்க விஷயம் நிறைய இருக்கு, நானே ஒத்துக்கறேன்.

ஆனா இது எப்படி நடக்குதுன்னு பாருங்க சார். நிலம் கவர்மென்டோடது, அதைக் கம்பெனி லீஸுக்கு எடுத்தது. 2005ல புதுப்பிச்சுப் போட்ட ஒப்பந்தம் 1996ல இருந்தே கணக்கு வச்சு 30 வருஷத்துக்கு, அதாவது 2025 கடைசி வரைக்கும். அதுக்கு முன்னாடி சுமார் 12,700 ஏக்கர் இருந்துச்சு. புதுப்பிக்கும்போது அதுல இருந்து கிட்டத்தட்ட 1,800 ஏக்கரை வெட்டி வெளிய தள்ளிட்டாங்க, ஏன்னா அதுல ஆளுங்க குடியேறிட்டாங்க. ‘86 பஸ்தி’ன்னு (பஸ்தின்னா ஏழைங்க குடியிருப்பு) அந்த ஊர்ல சின்னப் பிள்ளைகூட சொல்லும். யாரு இவங்க? ஆலைக்கும் அதைச் சுத்தின சின்னச் சின்ன யூனிட்டுக்கும் கூலி வேலைக்கு வந்தவங்க, கான்ட்ராக்ட் லேபர், வீட்டு வேலைக்காரங்க, காய்கறி விக்கிறவங்க. அந்த ஊரைப் பெருக்கித் துடைக்கிறவங்கள்ல பாதிப் பேரு சாயங்காலம் பெருக்காத தெருவுக்குத்தான் திரும்பிப் போறாங்க. பட்டா கிடையாது, ‘மாலிகானா ஹக்’, அதாவது சொந்தக்காரன்ங்கிற உரிமை வேணும்னு எத்தனையோ தேர்தலாக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. 2019ல ஜார்க்கண்ட் முதலமைச்சரா இருந்த ரகுபர் தாஸே ஜாம்ஷெட்பூர் கிழக்குல சுயேச்சையா நின்ன சரயு ராய்கிட்டத் தோத்தார், அந்தத் தேர்தல்லயும் இந்த விவகாரம் பெரிய பேச்சு.

உங்க மருமகனுக்கும் இதுல பங்கு இருக்கு. ரிட்டயர் ஆனா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். ஆயுசு பூரா அந்தக் குழாய்த் தண்ணியைக் குடிச்சவர் எங்க வீடு கட்டுவார்? பல பேரு கட்டினது மாங்கோவுலயும், அதே மாதிரி எல்லைக்கு வெளிய இருக்கிற ஆதித்யபூர்லயும்தான்.

கம்பெனி பஸ்திக்கு ஒன்னுமே செய்யலன்னு சொல்ல மாட்டேன். மருத்துவ முகாம் உண்டு, தையல் வகுப்பு உண்டு, கிராமங்களுக்குன்னு 1979லயே தனி சொசைட்டி ஆரம்பிச்சிருக்காங்க, சில பஸ்திகளுக்குக் குழாயும் வந்திருக்கு. 2014ல இருந்து வருஷா வருஷம் நவம்பர்ல ‘சம்வாத்’னு பழங்குடி மக்களைக் கூட்டிப் பெரிய விழா நடத்துறாங்க, நல்ல விழான்னுதான் போய் வந்தவங்க எல்லாரும் சொல்றாங்க. அந்த மண்ணே சந்தால், ஹோ மக்களோடது, அந்த மரியாதை தேவைதான். ஆனா இதெல்லாம் கொடுக்கிறவங்க மனசு வச்சுக் கொடுக்கிறது. அடுத்த வருஷம் பட்ஜெட்டைக் குறைச்சா யாரைக் கேப்பாங்க? நமக்காவது கவுன்சிலர் வீட்டு வாசல்ல போய் கத்துறதுக்கு ஒரு உரிமை இருக்கு, அவரும் அடுத்த தேர்தலை நெனச்சாவது வெளிய வந்து நிப்பார்.

அந்த ஊர்க்காரங்க இதை யோசிக்காம ஒன்னும் இல்ல. எங்களுக்கு முறையான நகராட்சி வேணும்னு ஒருத்தர் 1988லயே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார், கேஸ் ஒரு தலைமுறையைத் தாண்டி இழுத்துச்சு. 2005ல மாநில அரசு மாநகராட்சி ஆக்கறேன்னு கிளம்பிச்சு, அதுவும் நிக்கல. கடைசியில 2023 டிசம்பர்ல ஜார்க்கண்ட் அரசு அதைத் ‘தொழில் நகரியம்’னு ஆக்கிடுச்சு. அரசியல் சட்டத்துல 243க்யூன்னு ஒரு பிரிவு இருக்கு, ஊர் ஊருக்குத் தேர்ந்தெடுத்த நகராட்சி வேணும்னு 74வது திருத்தத்துல கொண்டு வந்தது, அதுலயே ஒரு சின்ன விலக்கும் வச்சாங்க, தொழிற்சாலையே நகராட்சி வேலையைப் பார்க்குதுன்னா அங்க நகராட்சி அமைக்காம விட்டுடலாம்னு. அந்த விலக்குக்குள்ள ஒரு பெரிய நகரத்தையே நுழைச்சாச்சு, அதையும் எதிர்த்து வழக்குக்குப் போனாங்க. 2011 கணக்குப்படி சுத்துப்பட்டையும் சேர்த்து 13 லட்சத்துக்கு மேல ஜனம், ஊர் மட்டும் 6 லட்சம் சொச்சம். எம்எல்ஏ உண்டு, எம்பி உண்டு, தெரு விளக்கு எரியலன்னா ஓட்டு போட்டு மாத்துறதுக்கு மட்டும் ஆள் கிடையாது.

சரி, கம்பெனி திறமைசாலிதானே, எங்க விட்டாலும் செஞ்சு காட்டும்லன்னு கேப்பீங்க. இதே ஜஸ்கோ 2008ல மைசூர்ல தண்ணி சப்ளையைச் சீர் பண்ற கான்ட்ராக்ட் எடுத்துச்சு. ஜாம்ஷெட்பூர்ல கெட்டிக்காரங்களா இருந்த அதே ஆளுங்கதான். அங்க வேலை தாமதம்னு மாநகராட்சிக்கும் கம்பெனிக்கும் ஓயாத தகராறு, அபராதம் வரைக்கும் போய், கடைசியில தண்ணி பழையபடி மாநகராட்சியோட வாணி விலாஸ் வாட்டர் ஒர்க்ஸ் கைக்கே வந்துடுச்சு. ஏன்னா மைசூர் யாரோட ஆலைக்கும் குவார்ட்டர்ஸ் இல்ல. சொந்த ஊர்ல கம்பெனிக்கு நிலம் கையில இருக்கு, குடியிருக்கிறவன் தொழிலாளி, செலவைத் தாங்க எஃகு லாபம் இருக்கு, யாரு வரலாம் யாரு வெளியன்னு எல்லையும் போட்டாச்சு. அதுல ஒன்னுகூட மைசூர்ல இல்ல, திருப்பூர்லயும் இல்ல.

திருப்பூர்னு சொன்னதும் ஞாபகம் வருது, நீங்க கேக்கிறதுல ஒரு பங்கை நம்ம ஊர் ஏற்கெனவே செஞ்சு பார்த்தாச்சே சார்! புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம், 1995ல ஆரம்பிச்ச கம்பெனி. மாநில அரசு, ஐஎல் அண்ட் எஃப்எஸ்ங்கிற நிதி நிறுவனம், நம்ம ஏற்றுமதியாளர் சங்கம் எல்லாம் சேர்ந்து, பவானி பக்கத்துல ஆத்துல இருந்து குழாய் போட்டு ஒரு நாளைக்கு 18 கோடியே 50 லட்சம் லிட்டர் கொண்டு வர்ற திட்டம். சாயப்பட்டறைக்குக் கூடுதல் விலை, வீட்டுக்குக் கம்மி விலை, இந்த லாபத்துல அந்த நஷ்டம் ஓடும்னு கணக்கு. 2011 ஜனவரியில நொய்யலை நாசம் பண்ணினதுக்காக சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்டுச்சு பாருங்க, தண்ணி வாங்க ஆளில்லாம கணக்கே கவுந்துடுச்சு, அப்புறம் தாங்கிப் பிடிக்க வந்தது யாரு, அரசாங்கம்தான். தண்ணி வந்துச்சு, நல்ல தண்ணி, நான் இல்லைங்கல. ஆனா லாபம் வர்ற வரைக்கும் கம்பெனி பாடு, நஷ்டம் வந்தா நம்ம வரிப்பணம்னா அதுக்குக் கவுன்சிலரைத் துரத்தணுமா?

துரத்தியும் பார்த்தாச்சு, அதுவும் உங்களுக்கு மறந்துபோச்சா? 2016 அக்டோபர்ல இருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரைக்கும் தமிழ்நாடு பூராவும் மாநகராட்சிகள்ல கவுன்சிலரே கிடையாது, தனி அதிகாரிதான் ராஜ்ஜியம். அந்த அஞ்சு வருஷத்துல உங்க தெருவுல தண்ணி தினமும் வந்துச்சா, குப்பை நாறாம இருந்துச்சா?

கவுன்சிலர் மேல கோவம் இருக்குன்னா அதுக்கு வழி இருக்கு. 2022 நவம்பர் 1ல இருந்து வார்டுக்குள்ள ஏரியா சபைன்னு கூட்டம் போடுறாங்க, போய் உக்காந்து, உங்க தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை தண்ணி வரணும்னு தீர்மானம் போட்டிருக்கீங்க, பராமரிப்புக்குன்னு தனியா எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கீங்க, கம்ப்ளெயின்ட் பண்ணா எத்தனை மணி நேரத்துல ஆள் வரணும்னு கேளுங்க. ஜஸ்கோவுல பதில் இருக்கிற கேள்விங்கதான் இது மூணும். சரியான பதில் வரலன்னா அங்க அவங்க சொன்னதை அப்படியே எனக்கு எழுதுங்க, கவுன்சிலர் பேரோட போடறேன்.